கிண்ணம் தெரிகிறது, ஓட்டம் எங்கே?

விளையாட்டு விழாக்கள் நடைபெறும் பருவத்தில் நம் செய்தித்தாள்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தை விரித்துப் பார்ப்பவர் ஒன்றைக் கவனித்திருப்பர். இரத்தினபுரியாயினும் கேகாலையாயினும், பலாங்கொடையாயினும் எம்பிலிப்பிட்டியவாயினும், விழாவைக் காட்டும் படம் ஒன்றேதான். நடுவில் பிரதம அதிதி. அவர் கையில் ஒரு கிண்ணம். அக்கிண்ணத்தின் மறு காதைப் பற்றியபடி ஒரு சிறுவனோ சிறுமியோ. இருபுறமும் அதிபர், ஆசிரியர், பெற்றோர் சங்கத்தார். எல்லோரும் கமராவை நோக்குகின்றனர். கிண்ணம் பெறும் பிள்ளை மட்டும் எங்கே பார்ப்பது என்று அறியாது திகைத்து நிற்கிறது. படத்தின் கீழே அதிதியின் பெயரும் பதவியும் குறைவின்றி இருக்கும். பிள்ளையின் பெயர் இருப்பதும் உண்டு, இல்லாதிருப்பதும் உண்டு.

அந்தப் பிள்ளை என்ன செய்து அக்கிண்ணத்தைப் பெற்றது? ஓடியதா, பாய்ந்ததா, எறிந்ததா? படத்தைப் பார்த்து எவராலும் கூறவியலாது. பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளையின் படத்தை அவ்விடத்தில் ஒட்டிவிட்டாலும் வேறுபாடு தோன்றாது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை வெயிலிலும் புழுதியிலும் நடந்த விளையாட்டு விழாவிலே, விளையாட்டு நடைபெறாத ஒரே வேளையைத் தேர்ந்தெடுத்துப் படம் பிடித்திருக்கிறோம்.

இதற்குக் காரணம் அதிதியரின் புகழாசை என்று கூறிவிடுதல் எளிது. அதுவும் ஓரளவு உண்மையே. ஆயின் அதனினும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. கிண்ணம் வழங்கும் காட்சி கமராவுக்காகக் காத்து நிற்கும். “ஐயா, இன்னும் ஒருமுறை” என்று படம்பிடிப்பவர் கேட்டால், கொடுத்த கிண்ணத்தைத் திரும்ப வாங்கி மீண்டும் கொடுப்பர். ஓட்டம் அவ்வாறு நிற்பதில்லை. மறுமுறை ஓடிக் காட்டுவார் எவரும் இல்லை. ஓடுபவரைப் படம்பிடிக்க வேண்டுமாயின் விசையை அழுத்தும் வேளை அறிந்திருக்க வேண்டும். அந்த வேளையை அறியும் கல்வி நம்மிடையே வளரவில்லை. வளர்க்க வேண்டும் என்று எண்ணியவரும் குறைவு.

கமராவினுள் ஒரு கணம் திறந்து ஒளியை உள்ளே விட்டு மறுகணம் மூடிக்கொள்ளும் சிறு திரையை ஷட்டர் என்கிறோம். அதைத் திறக்கும் வேளையைப் பற்றிப் பலரிடம் தவறான எண்ணம் ஒன்று நிலவுகிறது. கண் பார்க்கும், விரல் அழுத்தும். கண்ணும் விரலும் விரைவாக இருப்பவன் நல்ல படம் எடுப்பான் என்பதே அவ்வெண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. கண் கண்டதை மூளை உணர்ந்து விரலுக்குக் கட்டளையிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி செல்லும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து, வீசியவன் கையிலிருந்து துடுப்பை அடைய எடுத்துக்கொள்வதே அரை வினாடி அளவுதான். ஐந்தில் ஒரு வினாடிக்குள் அது ஏழு மீற்றருக்கும் மேல் கடந்துவிடும். பந்து துடுப்பைத் தொட்டதைக் கண்டபின் விசையை அழுத்துபவனுக்குக் கிடைப்பது, தொட்டு முடிந்தபின் நிற்கும் ஆட்டக்காரனின் படம்.

பழைய ஒற்றை வில்லைக் கமராக்களைக் கையாண்டவர்கள் இதை வேறொரு வகையிலும் அறிவர். அவற்றில், காண்வழியின் ஊடாக நாம் பார்க்கும் காட்சியை ஒரு சிறு கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். விசையை அழுத்தியதும் அக்கண்ணாடி மேலெழும். அந்தக் கணத்தில் காண்வழி இருண்டுவிடும். ஆகவே, படத்தில் விழுந்த கணத்தைப் படம்பிடித்தவன் கண்ணால் கண்டதில்லை. ‘ஆகா, கண்டேன்’ என்று அவன் மகிழ்வானாயின், அந்தக் கணம் படத்தில் இல்லை என்பது பொருள். தான் காணாததையே எடுக்க வேண்டிய விந்தையான தொழில் அது.

அப்படியாயின் அவன் எதை நம்பி அழுத்துகிறான்? ஆட்டத்தைப் பற்றிய அறிவை நம்பி. அடுத்து நிகழப் போவது எது, எங்கே, எத்தனை அடிகளுக்குப் பின் என்பதை முன்கூட்டி உணர்ந்து, நிகழ்வதற்குச் சற்று முன்னரே விரலை இறக்குகிறான். தாளக்காரன் அடுத்த அடி விழும் இடத்தை அறிந்து கையைத் தூக்குவது போன்றது இது. அடி விழுந்ததைக் கேட்டபின் தூக்கினால் அவன் தாளக்காரன் அல்லன்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று கிரிக்கெட் உலகில் உண்டு. 1960 ஆம் ஆண்டு டிசம்பர் 14 ஆம் நாள், பிரிஸ்பேன் நகரில் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட் போட்டியின் இறுதி ஓவர். வீசியவர் வெஸ் ஹோல். அக்காலத்து அவுஸ்திரேலிய வழக்கப்படி ஓவருக்கு எட்டுப் பந்துகள். ஏழாவது பந்தில், ஓட்டங்கள் சமமாக இருக்கையில், கடைசி இணை வெற்றி ஓட்டத்தை எடுக்க ஓடியது. பக்கவாட்டில் நின்ற ஜோ சொலமன் பந்தை எடுத்து எறிந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மூன்று குச்சிகளில் ஒன்றே கண்ணுக்குத் தெரியும். அதனை அவர் தகர்த்தார். இயன் மெக்கிஃப் ஆட்டமிழந்தார். இரு அணியும் 737 ஓட்டங்கள். டெஸ்ட் வரலாற்றில் சமநிலையில் முடிந்த முதற் போட்டி அது.

அந்தக் கணத்தை ‘ஏஜ்’ பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ரொன் லொவிற் எடுத்தார். அவரிடம் அப்போது எஞ்சியிருந்தது ஒரே தகடு என்பது பத்திரிகையுலகில் வழங்கிவரும் வரலாறு. ஒரு தகடு என்றால் ஒரு படம். முந்திய பந்துகளிலும் பரபரப்பு இல்லாமலில்லை, விரல் துடித்திருக்கும். ஆயினும் அவர் காத்தார். குச்சிகள் சிதற, களத்தார் துள்ள, கோட்டை எட்டாத மெக்கிஃபின் ஓட்டம் பயனற்றுப் போகும் அந்த ஒரே காட்சியில் போட்டி முழுவதும் அடங்கிவிட்டது. வெற்றி பெற்றவர் இல்லாத அப்போட்டியில், கிண்ணம் வழங்கும் படம் எதை நமக்குச் சொல்லியிருக்கக்கூடும்?

இது பழங்கதை என்பர் சிலர். இப்போது வந்துள்ள கமராக்கள் விசையை அழுத்தியபடி இருந்தால் பட்டாசு வெடிப்பதுபோல் படங்களைப் பொழிகின்றன. 2023 ஆம் ஆண்டின் இறுதியில் சோனி நிறுவனம் அறிவித்த ஏ9 மூன்றாம் வகைக் கமரா ஒரு வினாடியில் 120 படங்கள் எடுக்கும். அதுமட்டுமன்று, விசையை அழுத்துவதற்கு ஒரு வினாடி முன்வரை நிகழ்ந்தவற்றையும் அது நினைவில் வைத்திருந்து தரும். பிந்தி அழுத்தினாலும் குற்றமில்லை. இனி வேளையறிதல் எதற்கு என்று கேட்கின்றனர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்தும் துடுப்பும் தொட்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவே. 120 படக் கமராவிலோ ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உள்ள நேரம் அதைப் போல் எட்டு மடங்கு. அந்த இடைவெளியில் வேகப்பந்து முப்பது சென்ரிமீற்றர் பயணம் செய்துவிடும். ஆகவே நாம் விரும்பிய கணம் இரு படங்களுக்கு நடுவே நழுவிப் போவதற்கே வாய்ப்பு அதிகம். இன்னொன்று. பதினான்கு வினாடியில் முடியும் ஒரு நூறு மீற்றர் ஓட்டம் முழுவதையும் அந்த வேகத்தில் எடுத்தால் 1,680 படங்களாகும். அவற்றுள் எது ஓட்டத்தைச் சொல்லும் படம் என்று தேர்வது யார்? ஓட்டத்தை அறியாதவனுக்கு 1,680 படங்களும் ஒன்றே. முன்னர் களத்தில் செய்யவேண்டியிருந்த தேர்வை இப்போது மேசைமேல் செய்யலாம், அவ்வளவே வேறுபாடு. மேசை மேல் செய்யும் தேர்வுக்கும் அதே அறிவுதான் வேண்டும். அன்றியும், அவ்வகைக் கமராவின் விலையைக் கேட்டால் நம் ஊர்ப் படப்பிடிப்பு நிலையக்காரர் தம் கடையையே விற்க வேண்டியிருக்கும்.

நிற்க. இந்தச் சப்பிரகமுவப் பகுதியில் படம்பிடிப்போருக்கு இயற்கையே இருவகைப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறது. மேலே இறக்குவானை மலைத்தொடரில் தேயிலைத் தோட்டங்கள்; பிற்பகலாயின் மூடுபனி இறங்கும், மழை தூறும், வெளிச்சம் மங்கும். கீழே எம்பிலிப்பிட்டிய, உலர்ந்த நிலம், வளவை ஆற்று நீர்ப்பாசனத்தால் விளையும் வயல், உச்சியில் கொளுத்தும் வெயில். ஒரே மாவட்டத்தில், பேருந்தில் இறங்கிவரும் தூரத்தில், இருவேறு வானம். மலையில் ஆயிரத்தில் ஒரு வினாடி நேரம் மட்டும் ஷட்டரைத் திறந்தால் படம் கருமையடைந்துவிடும் நாள்கள் பல. நூற்றிருபத்தைந்தில் ஒரு வினாடியாவது திறந்துவைக்க வேண்டும். வினாடிக்கு எட்டு மீற்றர் ஓடும் இளைஞன் அதற்குள் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடுவான். முகம் கலங்கிப் போகும்.

அதற்காகக் கமராவைப் பையில் வைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எந்த அசைவிலும் அசைவு ஓய்கின்ற ஓர் இடம் உண்டு. மேல்நோக்கி எறிந்த கல் கீழ்நோக்கித் திரும்புமுன் ஒரு கணம் தயங்குவதைப் பாருங்கள். உயரம் பாய்பவரின் உடலும் அவ்வாறே. உச்சியை அடைவதற்கு இருபதில் ஒரு வினாடி முன்னும், அடைந்தபின் இருபதில் ஒரு வினாடி வரையும், ஆகப் பத்தில் ஒரு வினாடி நேரம், அவ்வுடலின் உயரம் ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே கடந்த அளவுதான் மாறுகிறது. முன்னோக்கிச் செல்லும் வேகம் மட்டும் எஞ்சியிருக்கும். படம்பிடிப்பவர் பக்கவாட்டில் நில்லாது, பாய்பவர் தம்மை நோக்கி வரும்படியாகக் கோலுக்கு அப்பால் நின்றால் அந்த வேகமும் படத்தைக் கலக்காது. கரப்பந்தாட்டத்தில் வலைக்கு மேல் எழும்பி அறைபவருக்கும் இதே விதிதான். பந்தை அறையுமுன் கை பின்னே வளைந்து, உடல் வில்லாகி, மேலே ஒரு கணம் தொங்குகிறதே, அந்தக் கணத்துக்கு மூடுபனி வெளிச்சமும் போதும். 1991 ஆம் ஆண்டிலிருந்து கரப்பந்தாட்டம் இந்நாட்டின் தேசிய விளையாட்டு. தோட்டத்து லயத்துக்குப் பின்னாலுள்ள சமதரையில்கூட இரு கம்பும் ஒரு வலையும் கட்டி இளைஞர் மாலைதோறும் ஆடுகின்றனர். அந்த வில்லை ஒருநாளும் நாம் அச்சில் கண்டதில்லை.

உயரம் பாய்தல் என்றதும் தமிழருக்கு நினைவு வரவேண்டிய பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற அவர் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றினார். 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. பதக்கத்தோடு நிற்கும் எதிர்வீரசிங்கம் எவரையும் போன்ற ஒரு மனிதர். கோலுக்கு மேலே, நிலத்தோடு தொடர்பற்று, இரண்டு மீற்றருக்கும் மேலான உயரத்தில் படுத்திருப்பவர்போல் காணப்படும் எதிர்வீரசிங்கமே அந்த வரலாறு.

எம்பிலிப்பிட்டிய வெயிலின் சிக்கல் வேறு. அங்கே ஈராயிரத்தில் ஒரு வினாடிக்குக்கூட வெளிச்சம் உண்டு. எதையும் கல்லாக்கி நிறுத்திவிடலாம். அதுவே இடர். எந்தக் கணத்தையும் நிறுத்தலாம் என்றாகிவிட்டால் எந்தக் கணம் என்ற கேள்வியை மறந்துவிடுகிறோம். ஓடுபவரின் இரு காலும் நிலத்தை விட்டெழுந்த கணமும் உண்டு. ஒரு கால் நிலத்தில் ஊன்றி மறு முழங்கால் மடிந்து, நொண்டுபவர்போல் தோன்றும் கணமும் உண்டு. வெயிலில் இரண்டும் ஒருபோலத் தெளிவாக விழும். தெளிவு இருக்கிறது, ஓட்டம் இல்லை என்று சொல்லத்தக்க படங்கள் அவ்வாறு பிறப்பவையே. உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மறைத்துவிடும் என்பது இன்னொரு தொல்லை.

உடவளவைத் தேசியப் பூங்கா நம் ஊருக்கு அண்மையில் இருப்பதால், யானைகளைப் படம்பிடிக்க ஜீப் வண்டிகளில் வருவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 1972 இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவின் நீர்த்தேக்கக் கரையில் யானை புழுதியை வாரித் தன் முதுகில் இறைத்துக்கொள்ளும். துதிக்கை கீழே வளைந்து மண்ணைத் திரட்டுகையில் அடுத்தது என்ன என்பது பார்த்துப் பழகியவனுக்குத் தெரியும். வந்தவர்களோ புழுதி பறந்ததும் கூவிக்கொண்டு அழுத்துவர். கிடைப்பது ஒரு புகைமண்டலம். அ. மாதவையாவின் மகனாகிய மா. கிருஷ்ணன் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை உணர்வர். தாமே பல உறுப்புகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கமராவோடு திரிந்தவர் அவர். 1996 இல் மறையும் வரை அவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகளையும் எடுத்த படங்களையும் பிரித்துப் பார்க்கவியலாது. விலங்கின் பழக்கத்தை அறிந்த அதே அறிவு இரண்டிலும் வேலை செய்தது.

‘தீர்மானமான கணம்’ என்ற சொற்றொடரைப் படக்கலை பேசுவோர் எல்லோரும் கையாளுகின்றனர். பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1952 இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயர் அது. பிரெஞ்சு மூலத்தில் நூலுக்கு அந்தப் பெயர் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் களவாக எடுத்த படங்கள் என்பது போன்ற பொருள்தான் அங்கே உள்ளது. எனக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது. திருவண்ணாமலையில் 1950 ஏப்ரல் மாதம் ரமணர் மறைந்த வேளையில் அங்கிருந்து அவருடைய இறுதி நாள்களைப் படமாக்கியவரும் இவரே. அவர் விளையாட்டுப் படப்பிடிப்பாளர் அல்லர். எனினும் சொற்றொடர் விளையாட்டுக்கே தைத்த சட்டைபோல் பொருந்திவிட்டது.

பரிசளிப்புப் படத்தைவிட ஓட்டப் படமே உண்மைக்கு அண்மையில் நிற்கிறது என்பதற்கு நம் மாகாணத்துப் பெண்ணொருத்தியின் வாழ்விலேயே சான்று இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலப் பகுதியிலே பிறந்து வறுமையில் வளர்ந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 2000 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28 ஆம் நாள் சிட்னி ஒலிம்பிக்கின் இருநூறு மீற்றர் இறுதி ஓட்டத்தில் 22.28 வினாடியில் மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த பஹாமாஸ் நாட்டுப் போலின் டேவிஸ்-தொம்சனின் நேரம் 22.27. நூற்றில் ஒரு வினாடி. மேடையில் நடுவே தங்கத்தோடு நின்றவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். 2007 இல் தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார்; பதக்கம் பறிக்கப்பட்டது; சுசந்திகாவின் வெண்கலம் பின்னர் வெள்ளியாயிற்று. அன்று எடுத்த பதக்க மேடைப் படம் இன்று பொய்ப்படம். நடுவில் நிற்கத் தகாதவர் நிற்கிறார். மற்றிருவர் கழுத்திலும் வேறு பதக்கங்கள். ஆனால் வளைவைத் தாண்டி நேர்ப்பாதையில் பல்லைக் கடித்துக்கொண்டு வரும் சுசந்திகாவின் ஓட்டப் படத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அது அன்றும் மெய், இன்றும் மெய்.

அந்த நூற்றில் ஒரு பங்கை அளந்த கமராவைப் பற்றியும் ஒரு சொல். முடிவுக்கோட்டில் வைக்கப்படும் அக்கருவிக்குக் கணத்தைத் தேரும் வேலையே இல்லை. கோட்டை மட்டுமே ஒரு மெல்லிய கீற்றின் வழியாக ஓயாது பார்த்திருந்து, கடந்துசெல்லும் உடல்களைக் கீற்றுக் கீற்றாக அடுக்கி ஒரு படமாக்குகிறது. அப்படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு நேரங்கள். நீதி வழங்க அது தேவை. ஆனால் அதிலுள்ள உருவங்கள் நீண்டும் குறுகியும் பேய்போல் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். நேரத்தைச் சொல்லும் அது, ஓடிய மனிதரைச் சொல்வதில்லை.

இனி, தோற்றவரின் கதை. 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. மேடையிலே நான்காமவருக்கு இடமில்லை. பரிசளிப்பை மட்டுமே படம்பிடிக்கும் ஒருவருக்கு அன்று உஷா என்று ஒருவர் ஓடியதே தெரிந்திராது. முடிவுக்கோட்டில் நெஞ்சை நீட்டிய கணத்திலே யாரோ ஒருவர் விசையை அழுத்தியதால் மட்டுமே அவர் அங்கே இருக்கிறார். நம் பாடசாலை விழாக்களிலும் ஓடுகிற எட்டுப் பேரில் ஐவருக்கு மேடை இல்லை. அவர்கள் ஓடவில்லையா?

ஒற்றைப் படத்தின் மேல் இத்தனை நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்பவர்க்கு, வைக்கக்கூடாத இடமும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முத்தையா முரளிதரனுக்கு நேர்ந்தது அதுவே. தோட்டத் தொழிலுக்கென இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரனாகிய அவரை 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார் பந்தை எறிகிறார் என்று ஏழுமுறை குற்றம் கூறினார். அதன்பின் அவர் முழங்கை மடிந்திருக்கும் படத்தைக் காட்டி, ‘பாருங்கள், வேறென்ன சான்று வேண்டும்’ என்று பேசியோர் பலர். விதியோ முழங்கை மடிந்திருப்பதைத் தடுக்கவில்லை; வீசும்போது மடிந்த கை நீள்வதையே தடுக்கிறது. அவருடைய கை பிறவியிலேயே முழுதும் நீளாதது. மாற்றத்தைக் குற்றம் என்று கூறும் விதிக்கு மாற்றத்தைக் காட்டாத ஒற்றைப் படம் எவ்வாறு சான்றாகும்? பல கமராக்களை ஒருங்கே வைத்துப் பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் அறிஞர்கள் ஆராய்ந்த பின்னரே ஐயம் தெளியத் தொடங்கியது. பிற பந்துவீச்சாளரின் கைகளும் ஓரளவு நீள்வதை இத்தகைய ஆய்வுகள் வெளிப்படுத்த, 2005 இல் எல்லோருக்கும் பதினைந்து பாகை என்று எல்லை வகுக்கப்பட்டது. 1878 இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையே நூலை அறுத்து விசையை இயக்குமாறு செய்தது இதே காரணத்தாலன்றோ? ஒரு கணத்தால் தீராத கேள்விக்குக் கணங்களின் வரிசை வேண்டும். ஆயின் விளையாட்டுப் பக்கத்தில் நாம் வேண்டுவது நீதிமன்றச் சான்று அன்று.

நாம் வேண்டுவது எது என்று சொல்லிவிடுகிறேன். மலையகத் தமிழரைப் பற்றிய படங்களை எண்ணிப் பாருங்கள். தலையில் கொங்காணி, முதுகில் கூடை, விரலில் கொழுந்து, முகத்தில் சுற்றுலாப் பயணிக்காக வரவழைத்த புன்னகை. நூறாண்டுக்கும் மேலாக இந்த ஒரே நிலையில் அசையாது நிறுத்திவைத்திருக்கின்றனர். கொழுந்து பறிக்கும் கையின் வேகத்தைக்கூட அப்படங்கள் காட்டுவதில்லை. பறிப்பதுபோல் பாவனை செய்யச் சொல்லி எடுத்தவை அவை. இந்த மக்களின் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகின்றனர், கயிறிழுக்கின்றனர், வலைக்கு மேல் எழும்புகின்றனர். காமன் கூத்திலே இரவு முழுவதும் ஆடுகின்றனர். இயங்கும் மனிதராக அவர்களைக் காட்டிய படம் எத்தனை? விளையாட்டு விழாவிலாவது காட்டியிருக்கலாம். அங்கும் கிண்ணத்தின் காதைப் பிடித்தபடி நிறுத்திவிட்டோம்.

கொழும்பிலிருந்து படப்பிடிப்பாளர் வந்து இதைச் செய்வார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வந்தாலும் அவரால் இயலாது. கமராவை அறிந்திருப்பார், ஆட்டக்காரரை அறியமாட்டார். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நீளம் பாயும் மாணவி ஒருத்தி, பலகையை மிதிக்குமுன் கடைசி மூன்று அடிகளில் கண்ணை இடுக்கி முகவாயை மேலே தூக்குவாள். அவளோடு நாள்தோறும் பயிலும் தோழியருக்கு அது தெரியும். அவர்களில் ஒருத்தி தன் அண்ணனின் கையடக்கத் தொலைபேசியால் எடுத்த படமொன்றைக் கண்டேன். மணற்குழியின் மறுமுனையில் தரையோடு தரையாகக் குந்தியிருந்து எடுத்திருக்கிறாள். பாய்ந்தவள் வானத்தில் இருக்கிறாள். பின்னாலே மலை அவள் முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது. படம் சற்றே கலங்கியிருக்கிறது. அதனால் குறை ஒன்றும் தோன்றவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. விழா அமைப்போர், படம்பிடிக்கும் மாணவர் இருவரையேனும் ஒழுங்குப் பட்டியலில் சேர்த்து, கோட்டுக்கு அப்பால் நிற்க இடம் ஒதுக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் அதிதியரின் நாற்காலிகள் இருக்கின்றன. படம்பிடிப்போர் முடிவு நாடாவையே கட்டிக்கொண்டு நில்லாது, நூறு மீற்றரில் எண்பதாவது மீற்றருக்கு எதிரே நின்று பார்க்க வேண்டும்; ஓடுபவரின் முகத்தில் ஓட்டம் முற்றுவது அங்கேதான். அஞ்சலோட்டத்திலே கோல் கைமாறும் இடம் முன்கூட்டியே கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. வேளையறியக் கற்பவருக்கு அதைவிட எளிய பாடம் கிடையாது. கயிறிழுத்தலில் கயிற்றைப் பார்க்க வேண்டா, குதிகாலைப் பார்க்க வேண்டும்; அது வழுக்கத் தொடங்கும் கணத்தில் எல்லா முகங்களும் மாறும். தொலைபேசியில் எடுப்போர் விரலைத் திரையில் தேடாது பக்கவாட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டால், பெரும்பாலான தொலைபேசிகளில் அதுவே விசையாகப் பயன்படும். கண் ஆட்டத்தை விட்டு அகலவேண்டியதில்லை.

செய்தித்தாள் ஆசிரியர்களுக்கு ஒன்று. கிண்ணம் வழங்கும் படத்தை அறவே விலக்குங்கள் என்று நான் கூறவில்லை. அதிதியர் மனம் நோவதால் அடுத்த ஆண்டு விழாவுக்குப் பந்தல் கிடைக்காது போகலாம். அதைப் பாடசாலைச் சுவரில் மாட்டட்டும். பக்கத்தில் இருப்பது ஓர் இடமாயின் அதை ஓட்டத்துக்குத் தாருங்கள். படத்தின் கீழே ஓடியவர் பெயரை, தந்தை பெயரின் முதலெழுத்துத் தவறாமல், கேட்டு எழுதுங்கள். எம்பிலிப்பிட்டியவில் விழா நடத்துவோருக்கு இன்னுமொன்று: இறுதி ஓட்டங்களை உச்சி வெயிலில் முடித்துவிட்டு மாலை முழுவதையும் உரைகளுக்கு ஒதுக்குகிறீர்கள். இதைத் திருப்பி வையுங்கள். உரைகள் நண்பகலில் பந்தலின் நிழலில் நடக்கட்டும். அஞ்சலோட்டம் நான்கரை மணிக்கு நடக்கட்டும். அப்போது வெயில் பக்கவாட்டில் சாயும். புருவத்தின் நிழல் விலகிக் கண் தெரியும். ஓடுபவர் காலடியில் எழும் புழுதிகூட ஒளி பெறும்.